எந்த நாட்டுப் பிரஜை

ஜலீலா மெட்ராஸில் மேற்படிப்புப் படிக்கிறாள் என்பது மட்டாஞ்சேரித் தெரு முழுக்கத் தெரியும். என்ன படிப்பு என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சர்வதேசச் சட்டம், நீதிநெறி, அரசியல் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்த படிப்பு என்று அவளும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். 1959-இல் கோடை விடுமுறைக்கு வந்து இறங்கியதுதான் தாமதம், ரங்கூனில் இருந்துகொண்டு தலாக்கும் சொல்லாமல் கடிதமும் போடாமல் இருக்கிற புருஷன், கொழும்புச் சுங்கத்தில் மாட்டிக்கொண்ட டிரங்குப் பெட்டி என்று ஆளுக்கொரு வழக்கைக் கொண்டுவந்தார்கள். எதற்கும் அவளிடம் வழியில்லை.

அதெல்லாம் ஊரார் பாடு. இப்போது வந்திருப்பது சொந்த மாமாவின் காரியம்.

உம்மாவின் தம்பி நைனா முகம்மது, மகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கராச்சிக்குச் சாயாக்கடை வேலைக்குப் போனவர். அப்போது எல்லாம் ஒரே நாடு. வருவார், போவார். பிறகு நடுவில் எல்லை வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் ஊருக்குப் போகமுடியாது என்றார்கள். கடை முதலாளி வாங்கிக் கொடுத்ததை ரயில் டிக்கெட்டைப் போல வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அது பாகிஸ்தான் பாஸ்போர்ட். விசா தீர இன்னும் பதினோரு நாள். மகள் நிக்காஹுக்கோ இரண்டு மாதம். கூடுதலாக மூன்று மாதம் தங்கப் போலீஸில் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதன் ஏழாவது கட்டத்தில் கேட்டிருந்தது: எந்த நாட்டுப் பிரஜை?

"பாகிஸ்தான்னு எழுது மோளே. மூணு மாசம் தருவாங்களாம்."

"எழுதினா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மாமா. பெறகு நான் இந்தியாக்காரன்னு எந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்லுவீங்க?"

"கோர்ட்டுக்கு யாரு போறா? நான் நிக்காஹுக்கு நிக்கணும்."

"டெல்லிக்கு மனுப் போடலாம். அந்தப் பாஸ்போர்ட்டை நீங்க ஆசைப்பட்டு வாங்கலே, வீட்டுக்கு வர வேற வழியில்லாம வாங்கினதுன்னு."

"பதில் எப்ப வரும்?"

ஜலீலா பேனா மூடியைத் திருகினாள். "ஒரு வருசமாவது ஆகும்."

"நீ டெல்லிக்கு எழுது. நான் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னு பதில் பாக்கறேன்."

இதே கேள்விக்குப் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவள் அவள். அங்கே சட்டம் ஒரு பத்தி, நியாயம் ஒரு பத்தி என்று பிரித்துவைக்க இடமிருந்தது. இங்கே இருந்தது விரல் அகலக் கட்டம்.

அடுக்களையிலிருந்து உம்மா பீவி குரல் கொடுத்தாள். "பதினேழு வருசம் படிச்சிருக்கா. ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியல. இதுக்கா வீட்டு வாசலுக்கு வந்த சம்பந்தத்தை எல்லாம் திருப்பி அனுப்பினேன்?"

"தெரியாம இல்ல உம்மா. தெரிஞ்சதாலதான் எழுதல."

"அது என்ன படிப்போ."

மாமா ஃபாரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஜலீலா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தபாலாபீஸ் வராந்தாவில் டைப் மெஷினோடு உட்கார்ந்திருந்தார் மனு எழுதும் வாஞ்சிநாதன். ஆறு கட்டங்களையும் மளமளவென்று அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழாவதுல என்ன போடட்டும் சாயபு?"

மாமா ஜலீலாவைப் பார்த்தார்.

"அண்ணே, அதை மட்டும் அடிக்காதீங்க. அடிச்சா அவரு கதை முடிஞ்சிரும்."

"பாஸ்போர்ட்டுல இருக்கறதத்தானேம்மா நான் போடமுடியும்? கட்டம் காலியா இருந்தா போலீஸ்காரங்க கையால தொடமாட்டாங்க. வேற வார்த்தை இருந்தா சொல்லு, அடிக்கேன்."

அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் நிறைய. எதுவும் அந்தக் கட்டத்தில் செல்லுபடியாகாது. ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாமா தலையாட்டினார். மெஷின் இங்கிலீஷில் எட்டு எழுத்து தட்டியது. கீழே மாமா நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் மூன்று மாதத்துக்குப் போலீஸ் முத்திரை விழுந்துவிட்டது. வாஞ்சிநாதனின் சாமர்த்தியத்தை உம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்தபோது, மாமா சாயா கிளாசோடு ஜலீலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா மோளே? மூணு மாசம் கையில இருக்கே. நிக்காஹ் முடியட்டும். அதுக்குள்ள, நான் இங்கயே இருக்கற மாதிரி நீ ஒரு வழி பாத்து வை."

அந்த வழியை அவர் கையெழுத்தே அடைத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாக்கறேன் மாமா."

மாமா நிம்மதியாக எழுந்து பந்தல்காரனைப் பார்க்கப் போனார்.