மதுரம் நடந்த அடிகள்

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வரும் ரெத்தினத்திடம் போன வாரம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். இடுப்பில் செருகிக்கொண்டால், நடக்கிற அடிகளை அதுவே எண்ணும். அவர் நம்பவில்லை. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரை அரித்து எறிகிற மாதிரி, நடக்க முடியாதவனைக் கழித்துவிட்டு டயாலிசிஸ் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டினார். கருவியைப் பெண்டாட்டி மதுரத்தின் இடுப்பில் செருகிவிட்டார். அவளுக்கு வலங்கைமான் பக்கம் சம்பா நடவு.

இன்று காலை அதை வாங்கிக்கொண்டு வந்தார். உடற்பயிற்சி சொல்லித்தரும் ஷிஃபா போனில் இணைத்துப் பார்த்தாள்.

"தினம் ஒன்பதாயிரம் அடி நடக்கறீங்க ஐயா."

"வயக்காட்டுக்காரன் வேற என்ன பண்ணுவான்."

"புதன்கிழமை பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"வேற எங்க, இந்தக் கட்டில்லதான்."

"படுத்துக்கிட்டே ரெண்டாயிரம் அடி ஓடியிருக்கே."

அடுத்த கட்டிலில் இருந்த கூத்தாநல்லூர் ஜெக்கரியா சிரித்தார். "அண்ணன் இங்க படுத்துட்டு காலை மட்டும் ஊருக்கு அனுப்பிட்டாரு போல."

ஷிஃபா சிரிக்கவில்லை. "இந்த நாற்காலியில உக்காந்து, கை ஊனாம எழுந்திரிங்க."

ரெத்தினம் முன்னால் குனிந்து உந்தினார். தொடை வெடவெடத்தது. நாலு விரல்கூட எழும்பாமல் தொப்பென்று விழுந்தார்.

"யாரு நடந்தது?"

"என் வீட்டுக்காரி. நீங்க கழிச்சுடுவீங்கன்னு..."

"முடியாதவங்களுக்கு உதவத்தான் ஐயா அடியை எண்ணினோம். படுத்துக்கிட்டே மிதிக்கற பெடல் நாலுதான் இருக்கு. உங்க கணக்கைப் பாத்து உங்களுக்கு வேணாம்னு எழுத இருந்தேன். நெசமா எவ்வளவு நடப்பீங்க?"

"கக்கூஸ் வரைக்கும். அதுவும் அவ தோளைப் புடிச்சு."

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஜெக்கரியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வியாழக்கிழமை மதுரத்துக்கு நடவு இல்லை, கருவியில் எண் குறைந்திருந்தது. சேற்றுப்புண் காலோடு உட்கார்ந்திருந்தவளை, "வாசல்லயாவது நடந்து தொலையேன்" என்று விரட்டியது இவர்தான். அவளும் ஏனென்று கேட்காமல் நடந்தாள். நடந்துவிட்டு வந்து, குனிந்து இவரைத் தூக்கி நிறுத்தினாள்.

மெஷினில் மாட்டியபின் பெடலைக் காலடியில் வைத்தார்கள். ரெத்தினம் பல்லைக் கடித்து மிதித்தார். பாதிச் சுற்றில் கால் நின்றுவிட்டது.

"ஒண்ணு" என்றாள் ஷிஃபா.

"ஒண்ணு இல்லம்மா," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "அரைன்னு எழுது."