தபசுக்கு மறுநாள்

சங்கரன்கோவிலில் கறியில்லாத பிரியாணி விற்க ஒரு தனித் திமிர் வேண்டும். ராஜகுமாரிக்கு அது இருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி ஊரே விரதத்தில் இருந்தபோது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டி போட்டு மொச்சைப் பிரியாணி விற்றாள். தினமும் அண்டா காலியானது. அவள் புருஷன் சண்முகையாவுக்குச் சிரிப்பு.

"விரதத்துல எதைப் போட்டாலும் திம்பான். தபசுக்கு மறுநாள் வித்துக் காட்டுட்டி, பாப்போம்."

"வித்துட்டா என்ன செய்வீய?"

"கோழிப்பண்ணைப் பேச்சையே எடுக்க மாட்டேன். விக்கலன்னா நீ கையெழுத்துப் போடணும்."

இளையரசனேந்தலில் அம்மா கொடுத்த கரிசல் நிலம் அவள் பேரில் இருந்தது. அதில் பிராய்லர் கொட்டகை போட்டால் பாதிச் செலவு மானியமாக வரும் என்று யாரோ சொன்னதிலிருந்து சண்முகையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராஜகுமாரி கல்யாணத்துக்கு முன்பு சிவகிரிப் பக்கம் அப்படியொரு கொட்டகையில் வேலை பார்த்தவள். தன் உடம்பைத் தானே தாங்க முடியாமல் காலொடிந்து கிடக்கும் கோழிகளைப் பொறுக்கி வெளியே போடுவது அவள் வேலை. அதோடு கறி அவளுக்குத் தொண்டையில் இறங்காமல் போனது.

"மக்காச்சோளத்தையும் சோயாவையும் கொட்டி, லாரித் தண்ணிய வாங்கி ஊத்தி வளக்குத கோழிக்கு மானியம். மானத்தப் பாத்து வெளையுத மொச்சைக்கு எவன் தாரான்?" என்று கேட்டாள். அவன் பந்தயத்தையே பிடித்துக்கொண்டு நின்றான்.

தபசு முடிந்த மறுநாள் விடியும்போதே கறிக்கடைகளில் கூட்டம். மத்தியானம் வரை வண்டிப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சண்முகையா ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத ஈயைத் துண்டால் ஓட்டினான். நிலம் போயிற்று என்றே ராஜகுமாரி நினைத்தாள்.

அப்போது லோடுமேன் மகாராஜா கூட்டாளிகளோடு வந்து நின்றான்.

"யக்கா, நாலு பிளேட்டு."

சண்முகையாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இன்னைக்குமா கறி திங்கல?"

"காலைல தின்னுதான் வந்தோம் அண்ணாச்சி. மூடையத் தூக்குனா நெஞ்ச அடைக்கு. இதத் தின்ன நாளெல்லாம் ஒடம்பு லேசா கெடந்துச்சு."

அவர்களைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். விரத நாளில் பார்சல் வாங்கிப் பழகிய ஜவுளிக்கடைப் பெண்கள் வந்தார்கள். ராஜகுமாரிக்குக் கை ஓடவில்லை. யாரும் சொல்லாமலே சண்முகையா எழுந்து பிளேட் கழுவினான், பிறகு பார்சல் கட்டினான், பிறகு "வரிசையா நில்லுங்கய்யா" என்று அதட்டவும் ஆரம்பித்துவிட்டான்.

கடைசியாக ஸ்கூட்டரில் வந்த பெரியவரிடம் அவனே சொன்னான்: "தீந்துட்டு அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

"இன்னைக்குப் போயி மொச்சப் பிரியாணி தீந்துட்டாக்கும்? யாருகிட்ட வே கதை விடுதீரு?"

சண்முகையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கதையா? இங்கன வந்து பாரும்!"

அண்டாவை இரண்டு கையாலும் தூக்கித் தெருவுக்குச் சாய்த்துக் காட்டினான். பெரியவர் எட்டிப் பார்த்தார், பஸ்ஸுக்கு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ராஜகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள். மசாலா முழங்கை வரை வழிய, அவன் அதைக் கீழே வைக்காமல் அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான்.