தவசி பூசிய தொட்டி

மாரிக்கண்ணன் கோபக்காரர். தன் கோபமெல்லாம் நியாயமான கோபம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோபத்தை மச்சான் தவசி மேல் காட்டினார்.

தவசி கொத்தனார். மாரிக்கண்ணனின் மனைவி ஒச்சம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணன். லாரியில் வாங்கும் நல்ல தண்ணீரைச் சேர்த்து வைக்க, வீட்டுக்குப் பின்னால் காங்கிரீட் தொட்டி கட்டிக் கொடுத்தார். வேலை முடிந்தபோது கணக்குப் போட்டதற்கு மேல் சிமெண்ட் தீர்ந்திருந்தது. "சிமிண்ட வித்துத் தின்னுட்டான், திருட்டுப்பய" என்று மாரிக்கண்ணன் நரிக்குடி டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டார். தவசி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதோடு தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. போன ஐப்பசியில் செத்தும் போனார்.

அண்ணன் திருடியிருக்க மாட்டார் என்று ஒச்சம்மாளுக்கு நிச்சயம். 'அப்ப சிமிண்டு எங்க போச்சு?' என்று கணவர் கேட்டால் மட்டும் அடுப்படிக்குள் போய்விடுவாள். அண்ணன் மேல் விழுந்த பழி போகாமலே அவர் போய்விட்டது அவள் நெஞ்சை அறுத்தது.

இந்த வருஷம் தொட்டிச் சுவர் உப்பி, துருக்கறை வழிய ஆரம்பித்தது. பந்தல்குடியிலிருந்து மருதுபாண்டி என்ற கொத்தனார் வந்தார். கெட்டுப்போன இடத்தை உடைத்து, கம்பியைச் சுரண்டி, துரு தடுக்கும் மருந்து அடித்து மறுபடி பூசலாம் என்றார். உளியை வைத்துத் தட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. பூச்சு மட்டும் மூணு வெரல் கனம் இருக்கு. உள்ள வெளிய ரெண்டு பக்கமும். இம்புட்டுச் சிமிண்ட யாரும் போடமாட்டாகளே!"

மாரிக்கண்ணன் குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது.

மருதுபாண்டி உள்ளேயிருந்து பெயர்ந்த துண்டு ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்புத் தண்ணியில கலக்கியிருக்கு. அதான் கம்பிய அரிச்சிருச்சு. கட்டுனவருக்கு அது தெரிஞ்சிருக்குண்ணே. காத்தும் ஈரமும் கம்பிகிட்டப் போகாம கனமாப் பூசி அடைச்சிருக்காரு. இல்லாட்டி இது மூணு வருஷம் தாங்கியிருக்காது."

"உப்புத் தண்ணியா? கலக்குறதுக்குன்னே லாரித் தண்ணி வாங்கி டிரம்முல ரொப்பிட்டுல்ல நான் கம்பி எடுக்க அருப்புக்கோட்டை போனேன்!"

ஒச்சம்மாளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை. தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். குடிக்க இல்லாமல் பிள்ளைகள் தவிக்கும்போது நல்ல தண்ணீரைச் சிமெண்டில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? டிரம்மை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுப் போர்க்கிணற்றின் உப்புத் தண்ணீரை மோட்டார் போட்டு நிரப்பி வைத்தாள். தண்ணீர்தானே என்று நினைத்தாள். அதற்கும் சிமெண்டுக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நாந்தாங்க," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மாரிக்கண்ணன் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வண்டியை எடுத்தார். இருவரும் தவசியின் மனைவி ஈஸ்வரி வீட்டுக்குப் போனார்கள்.

ஈஸ்வரி வாங்க என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வந்த விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். டிரம்முத் தண்ணியில வாய் கொப்பளிச்சப்பவே அவுகளுக்கு உப்புன்னு தெரிஞ்சுபோச்சாம். அதுக்குள்ள பாதி கலக்கி ஊத்தியாச்சு."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே மதினி," என்று ஒச்சம்மாள் அழுதாள்.

"சொன்னா மச்சான் தங்கச்சியப் போட்டு வைஞ்சு எடுத்துருவாரு, எம்மேலயே இருக்கட்டும்னாக. என்னயவும் வாயத் தெறக்க விடல."

மாரிக்கண்ணன் கைகூப்பினார். "மன்னிச்சிரு தாயி."

"எங்கிட்ட எதுக்குண்ணே? டீக்கடையிலதான திருடன்னு சொன்னீக. அங்க போயிச் சொல்லுங்க."

போனார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கடைக்குப் புதுசு. தவசியைக் கண்ணால் பார்த்திராதவன்.

"தவசின்னு ஒருத்தரப் பத்திச் சொல்லணும்," என்று மாரிக்கண்ணன் ஆரம்பித்தார்.

"எந்தத் தவசிண்ணே? சிமிண்டுத் திருடன்னு சொல்வாகளே, அவரா?"

அது மாரிக்கண்ணன் வைத்த பெயர். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"எங்கண்ணன் திருடலப்பா," என்றாள். "எல்லாச் சிமிண்டும் எங்க வீட்டுச் சொவத்துலதான் இருக்கு. வந்து பாருங்க."