ரெடி சொல்லாமல் திரும்பாத படகு

பதினான்கு பாய்ப்படகுகள் பேர் கொடுத்திருந்த பந்தயத்துக்கு அன்று ஆறுதான் தண்ணீரில் இறங்கின. மற்றவர்கள் கொட்டகை வாசலில் நின்றபடி காற்று சரியில்லை, முதுகு சரியில்லை, மச்சினன் வந்திருக்கிறான் என்று ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். எல்லாரையும் விடப் பெரிய சாக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தது. ஆனாலும் இறங்கினார். அவருக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதைக் கரையில் கேட்டால் உண்மையான பதில் வராது.

கேட்க வேண்டிய ஆள், படகின் பின்பக்கம் சுக்கான் கட்டையைப் பிடித்திருந்த பல் டாக்டர். இருபது வருஷக் கூட்டாளி, மூன்று வருஷமாகச் சம்பந்தி. கல்யாணம் பேசியதுகூட இந்தப் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான். "உன் பொண்ணு, என் பையன், என்னடா சொல்ற?" என்று டாக்டர் கேட்க, கையிலிருந்த ஸ்பாஞ்சைக்கூடக் கீழே வைக்காமல் இவர் சரி என்றுவிட்டார். பெண்ணுக்குச் செய்தியாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் கரையில் 'நீங்க, வாங்க, சம்பந்தி' என்று ஒருவரையொருவர் மரியாதையால் கொன்றார்கள். தண்ணீரில் மட்டும் பழைய 'டா'. பேய்க்காற்றில் 'நீங்க கொஞ்சம் வெளியே சாயுங்க சம்பந்தி' என்று சொல்லி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும்.

பத்து நாளைக்கு முன்னால் பெண் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை டாக்டரே வீடு தேடி வந்தார். "சின்ன விஷயம் சம்பந்தி. இதுதான் முதல் தடவை, இதுவே கடைசி. நான் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவனே வந்து கூட்டிட்டுப் போவான்" என்றார். பெண்ணின் அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் அந்தக் குரல் நெருடியது. ஒருமுறை அவருடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது, ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு 'வலிக்கவே வலிக்காது' என்று டாக்டர் சொன்ன அதே குரல். பெண்ணைக் கேட்டால், "நீங்க போகச் சொன்னா போறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இன்று ஞாயிறு.

எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேராகப் போகாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைத்து வளைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் பக்கம் மாறும். முன்னால் இருப்பவர் முன்பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு, குனிந்து மறுபக்கம் தாவி, அந்தப் பக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். அதனால் டாக்டர் "ரெடியா?" என்று கேட்பார், கண்ணாடிக்காரர் "ரெடி" என்பார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. முதல் வருஷம் ஒருநாள் டாக்டர் கேட்காமல் திருப்பிவிட்டார். பாயின் அடிக்கட்டை வீசி வந்து இவருடைய புருவத்தைப் பிளந்தது, மூன்று தையல். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் பதில் வராமல் ஒரு தடவைகூட டாக்டர் திருப்பியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

முதல் மிதவையைத் தாண்டுவதற்குள் இரண்டு படகுகள் கவிழ்ந்துவிட்டன. இவர்கள் இரண்டாவதாக இருந்தார்கள். இருவருமே படகின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைப் படகுக்குள் கட்டியிருந்த பட்டைக்கடியில் மாட்டிக்கொண்டு, முதுகு தண்ணீரில் படுமளவுக்கு வெளியே சாய்ந்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் முகத்தில் வாரியடித்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்கு அந்த நேரத்தில் எதிரில் இருந்தது ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அலைத்தடுப்புச் சுவரின் கறுப்புக் கற்கள் மட்டும் தெரிந்தன. அவை வேகமாக வந்துகொண்டிருந்தன.

"ரெடியா?" என்றார் டாக்டர்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை.

"டேய், ரெடியா? காது கேக்கலையா?"

"நல்லாக் கேக்குது. முதல்ல நீ சொல்லு. உன் பையன் அவமேல கை வெச்சது இதுதான் முதல் தடவையா?"

"இதைப் பேசற நேரமாடா இது? செவுரு வருது பாரு!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

டாக்டர் பாயைத் தளர்த்தி அங்கேயே படகை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பந்தயத்தில் படகை நிறுத்துகிற ஜாதி இல்லை அவர். திருப்பியும் இருக்கலாம், முன்பாய்க் கயிறு இழுத்துக் கட்டியபடி இருக்க, அந்தக் காற்றில் திருப்பினால் குப்புறக் கவிழ்வது நிச்சயம். அதோடு அந்த மூன்று தையல். சுவருக்கு நான்கு படகு நீளம் இருந்தது. பதில் தெரியாமல் வீட்டுக்குப் போவது கண்ணாடிக்காரருக்கு அந்தச் சுவரைவிடப் பயமாக இருந்தது.

"ரெடியா? சொல்லித் தொலைடா!"

"முதல் தடவையா?"

மூன்று நீளம். கற்களில் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணலாம் போலிருந்தது.

"இல்லடா!" டாக்டரின் குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சே மூணு. ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே. போதுமா?"

"ரெடி" என்றார் கண்ணாடிக்காரர்.

கயிற்றை விட்டார், குனிந்தார், தாவினார், இழுத்தார். இருபது வருஷப் பழக்கம், கைகள் தாமாகவே செய்தன. சுக்கானின் நுனி ஏதோ கல்லை உரசிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு டாக்டர் ஏழு தடவை "ரெடியா?" என்றார், இவர் ஏழு தடவை "ரெடி" என்றார். மூன்றாவதாக வந்தார்கள்.

கரையேறியதும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பாயை மடித்தார்கள். டாக்டர் மறுபடியும் சம்பந்தி ஆகிவிட்டார். "நான் அவனை நல்லாக் கண்டிச்சு வெச்சிருக்கேன். ஆறு மணிக்கு வருவான். நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணி..."

"அவளைக் கேக்கணும்."

"நீங்க சொன்னாப் போறேன்னுதானே சொல்லிருக்கா?"

"அதனாலதான்" என்றார் இவர். தன் முனையை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் பெண் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, செருப்புகூட மாட்டியாகிவிட்டது. பெட்டி காலடியில். மணி ஐந்தரை. அவள் அம்மா உள்ளே, போகிற வழியில் சாப்பிட ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ரெடிப்பா" என்றாள் பெண்.

உப்புக் காய்ந்த சட்டையோடு அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். படகில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அங்கே டாக்டர் கேட்காமல் அவர் அதைச் சொன்னதே இல்லை. அவமானமாக இருந்தது அவருக்கு.

"ரெடியான்னு நான் உன்னைக் கேட்டதே இல்லையேம்மா" என்றார். "கல்யாணம் பேசின அன்னிக்கும் கேக்கலை. இப்பக் கேக்கறேன். நான் சொல்றதுக்காக இல்ல. உனக்குப் போகணுமா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியது. அவள் குனிந்து பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதைத் தொடவில்லை.

வாசலில் மருமகனின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.