பட்டனை விட்ட பிறகும்

போபோடியில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடிக்கு மாலையில் வேறு யாரும் வருவதில்லை. கிருஷ்ணப்ரியா ஆபீஸிலிருந்து வந்ததும் இரண்டு கைரேடியோக்களோடு மேலே போவாள். ஒன்று பேச, இன்னொன்று கேட்க. கணவன் ஹரீஷ் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்து, செயற்கைக்கோள் நகரும் பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே நிற்பான்.

அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கான அந்தச் செயற்கைக்கோளில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். அது தலைக்கு மேலே கடந்துபோகும் சில நிமிடங்களுக்குள் பாதி நாடே தன் பெயருக்குப் பதிலான அழைப்புக்குறியைச் சொல்லிக் கத்தும். பலமான செட்டுக்காரன் ஜெயிப்பான். அவளுடையது சின்ன செட். இரண்டு மாதமாக ஒருவர்கூட அவளுக்குப் பதில் சொன்னதில்லை.

அன்று அவள் அழைத்ததும், கேட்கும் செட்டில் அவள் குரலே தெளிவாகத் திரும்பி வந்தது. மேலே எட்டிவிட்டது என்று அர்த்தம். பூரித்துப்போய், பேசுவதற்காக அழுத்திப் பிடித்திருந்த பட்டனை விட்டாள்.

குரல் நிற்கவில்லை.

மறுபடி அழைத்தது. ஹைதராபாத்காரர் ஒருவர் பதில் சொன்னார். குரல் நன்றி சொல்லி லேசாகச் சிரித்தது. அவளுடைய சிரிப்பேதான். அடுத்து நாக்பூர், கொழும்பு. அத்தனை கூச்சலும் அடங்கி, ஒவ்வொருவராக வழிவிட்டார்கள்.

"இன்னைக்கு நல்லா போகுதே," என்றான் ஹரீஷ், வானத்தைப் பார்த்தபடி.

"நான் பேசலைங்க."

அவன் திரும்பினான். அவள் பேசும் செட்டின் பேட்டரியைக் கழற்றிக் காட்டினாள். மற்றதில் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

பக்கத்து ஊரான கட்கியின் திசையில் செயற்கைக்கோள் சரியச் சரிய இரைச்சல் கூடியது. அப்போது குரல் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறியது.

"ஏனுங்க, கை வலிக்குதா? இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"பரவால்ல," என்றான் ஹரீஷ், பழக்கத்தில். பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

இனி மாடிக்குப் போவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். மறுநாள், விஷயம் தெரிந்த தோழி ஷபானாவிடம் காட்டலாமென்று பேசும் செட்டை ஆபீஸுக்கு எடுத்துப்போனாள். ஷபானா திருகித் திருகிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று கொடுத்துவிட்டாள்.

மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பியவள் அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடியில் ஹரீஷ். ஒரு கையில் ஆன்டெனா, மறுகையால் செட்டைக் காதோடு அணைத்திருந்தான்.

மூச்சு வாங்கப் படியேறினாள். மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. கேட்க மட்டுமே முடிகிற அந்தச் செட்டிடம் அவன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இல்ல, அவ இன்னும் வரல."

செட்டிலிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது. கதவைத் தள்ள அவளுக்குக் கை எழவில்லை.