மண்ணெண்ணெய் டின் பரீட்சை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு காதும் இந்த நிமிசமே செவிடாகப் போகட்டும்.

நாற்பத்து மூன்றாம் வருசம். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் மறுநாள் லாரி வருகிறது என்றார்கள். செவிடனை மட்டும் எடுப்பதில்லை என்று பேச்சு.

நான் பால் வெட்டுகிறவன். இரண்டு காதிலும் ரப்பர் பாலை ஊற்றி, பாலை உறைய வைக்கும் திராவகமும் காதுக்கொரு சொட்டு விட்டேன். கொட்டைப்பாக்கு மாதிரி உறைந்துவிட்டது. அதன்பின் என் தலைமயிர் வளரும் சத்தம்தான் கேட்டது.

அர்ச்சுனன் அண்ணனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பன்னிரண்டு வருசம் ஸ்டோரில் ரப்பர் அரைக்கும் மிசின் பக்கத்தில் நின்று, காது முழுக்கப் போனவர். காது போகுமுன், அதில் அடைக்கக் கொஞ்சம் பஞ்சு கேட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "பஞ்சு ஆஸ்பத்திரிக்குத்தான், மிசினுக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சிப்பாய் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டையால் அடிப்பான். துள்ளினவன் லாரிக்கு. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மேசை போட்டுப் பெயர் எழுதினார்.

எனக்கு டின்னில் அடித்த அடியில் மரத்திலிருந்து இரண்டு குரங்கு மயங்கி விழுந்தன. நான் அசையவில்லை. செவிடு என்று ஒதுக்கினார்கள்.

அடுத்தது அர்ச்சுனன் அண்ணன். சிப்பாயைக் கண்டு குனியாதவனுக்கு அறை விழுந்த காலம் அது. கூப்பிட்டது கேட்காமல் நாலு தடவை அறை வாங்கினவர் அவர். அதிலிருந்து சிப்பாயின் நிழல் தெரிந்தாலே இடுப்பு தானாக வளைந்துவிடும். அன்று காலை வெயில். கட்டை ஓங்கிய கையின் நிழல் அவர் காலடியில் விழுந்தது. டின் அலறியதும் அவர் குனிந்ததும் ஒரே நேரம்.

சிப்பாய் சிரித்துக்கொண்டே லாரியைக் காட்டினான்.

கிராணி நல்ல மனுசர். எழுந்து நின்று, "இவருக்குக் காது கேக்குமா, கேக்காதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க!" என்று கத்தினார்.

இடது காதில் பால் ஓர் ஊசித் துவாரம் விட்டிருந்தது. கேட்டது. வாய் திறந்தால் நான் செவிடனில்லை. மேகத்தைப் பார்த்தேன்.

"என்னப்பா சொல்றாங்க?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

அதற்கும் மேகத்தையே பார்த்தேன். இப்போது சொல்லும்போதும் கழுத்துக்கு மேல் சுடுகிறது. சாமான் இறக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாரியில் ஏறினார்.

காதிலிருந்த பாலை இழுத்தால் ஒரு முழம் வரும், விட்டால் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு மல்லுக்கட்டிய மூன்றாம் நாள், அவர் சம்சாரம் வீரம்மா வந்தாள்.

"ஏன் ஐயா, அவருக்கு இடி விழுந்தாலும் கேக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் லா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல, வீரம்மா" என்றேன்.

அவள் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

நான் பால் வெட்டினவன் இல்லை; அந்தத் தோட்டத்துக் கிராணி நான்தான். அன்று நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.