லோமா செக்காவில் வாங்கிய ஏ

டோரோ ரிட்ஜ் கல்லூரிச் சிற்றுண்டிக் கூடத்தில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை டஸ்டினுடையது. அந்தக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதுதான் எங்கள் எல்லோருடைய திட்டமும். டஸ்டினுக்கு அப்போது ஐந்தாவது வருஷம். அடுத்தவர்களை எங்கே அனுப்பலாம் என்று யோசித்தே அவனுக்குப் பொழுது போய்விட்டது, பாவம்.

அவன் மடிக்கணினியில் ஒரு பட்டியல் இருந்தது. நாற்பது மைல் சுற்றளவில் உள்ள பதினோரு கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் எந்தப் பாடம் எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு இத்தனை கண்ணீர் என மதிப்பெண் போட்டு வைத்திருந்தான். ரிட்ஜில் இயற்பியலுக்கு ஒன்பதரைக் கண்ணீர். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் லோமா செக்காவில் அதே இயற்பியலுக்கு மூன்று. பாலைவனப் பக்கம் ஒரு கல்லூரிக்கு அரைக் கண்ணீர்தான்; அங்கே வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பான். காரச் சிப்ஸ் தின்ற சிவப்பு விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவான். சுற்றி ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நின்ற நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டிருந்தால் ரிட்ஜிலேயே தேறியிருப்பார்கள்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தியாக யாதிரா போய் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாதிராவும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவள் அம்மா சனி ஞாயிறுகளில் சந்தையில் புப்புசா என்ற சோள ரொட்டி சுட்டு விற்பார். யாதிரா மாவைத் தட்டிக்கொண்டே கணக்கு வாய்ப்பாடு சொல்வாள். மின்பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கடலோரப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே அறையில் தங்குவது என்று பேசி வைத்திருந்தோம்.

அதற்கு இயற்பியல் மூன்று பகுதிகள் முடிக்க வேண்டும். ரிட்ஜில் முதல் இரண்டு பகுதியும் பேராசிரியர் காஸ்பாரியனிடம். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியாது. நாற்பது பேரோடு தொடங்கும் வகுப்பு, பருவ முடிவில் பதினேழு பேரோடு நிற்கும். முதல் பகுதியில் நான் பி தரம் வாங்கினேன், யாதிராவும் பி. நான் அதை நெஞ்சில் குத்திக்கொள்ளும் பதக்கமாக நினைத்தேன். அவள் அதைக் கறையாக நினைத்தாள்.

"ரெண்டாவது பகுதியை லோமால எடுக்கப் போறேன்டி"ன்னு ஒரு நாள் அந்த மேசை முன்னாலேயே சொன்னாள். டஸ்டின் தலையை ஆட்டினான், ஏதோ சீடப் பிள்ளைக்கு ஆசி கொடுப்பவன் மாதிரி.

"லோமாவா? அங்க இயற்பியலா சொல்லித் தராங்க? பலூன் ஊதிக் காட்டுவாங்க"ன்னேன்.

"ஊதட்டும். ஏ வருதுல்ல?"

"அந்த ஏ-வ வெச்சு என்னடி பண்ணுவ? பொறியியல் போய் முழிப்ப."

"ரெனாட்டா, உனக்குக் கஷ்டப்படறதே ஒரு பெருமை. சிலுவையத் தூக்கிட்டு ஊர்வலம் போற. விண்ணப்பத்துல யாரும் எத்தன சொட்டுக் கண்ணீர்னு கேக்க மாட்டாங்க. ஏ-ன்னா ஏ தான்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டஸ்டின் சிப்ஸ் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "ரிட்ஜ் ராணி!" என்று வேறு பட்டம் கொடுத்தான். அன்றைக்கு யாதிராவும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததை நான் மறக்கவில்லை.

இலையுதிர் பருவத்தில் அவள் லோமாவுக்குப் போனாள். நான் காஸ்பாரியனிடம் மின்சாரம் படித்து நொந்தேன். சில நாள் வகுப்பு முடிந்து காருக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவளோ வாரத்துக்கு ஒரு முறை எனக்குப் படம் அனுப்புவாள்: தொண்ணூற்றெட்டு மதிப்பெண், பக்கத்தில் நட்சத்திரம். நட்சத்திரம்! கல்லூரியில்! பாலர் பள்ளியில்கூட இப்போது நட்சத்திரம் ஒட்டுவதில்லை.

அக்டோபரில் விண்ணப்பம் நிரப்புவதற்காக, எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்ற பட்டியலை அச்செடுத்தேன். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு குறிப்பு. இயற்பியலின் மூன்று பகுதிகளையும் ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும், பிரித்துப் படித்தால் ஏற்கப்படாது.

ஏன் என்று இரண்டு கல்லூரிப் பாடத்திட்டங்களையும் எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிட்ஜில் இரண்டாம் பகுதி மின்சாரம், மூன்றாம் பகுதி ஒளியும் வெப்பமும். லோமாவில் இரண்டாம் பகுதி ஒளியும் வெப்பமும், மூன்றாம் பகுதி மின்சாரம். யாதிரா முதல் பகுதியை ரிட்ஜில் முடித்தாள், இரண்டாவதை லோமாவில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதை ரிட்ஜில் வேறு ஒரு இளகிய மனசுக்காரரிடம் எடுப்பதாகத் திட்டம். அதுவும் டஸ்டின் போட்டுக் கொடுத்ததுதான். ஆக, மின்பொறியியல் சேரப் போகிற பெண் ஒளியை இரண்டு தடவை படிப்பாள். மின்சாரத்தை ஒரு தடவைகூடப் படிக்க மாட்டாள். ஐந்து வருஷமாகப் பதினோரு கல்லூரிகளைச் சலித்துக்கொண்டிருந்த மகானுக்கு, பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. அவனுக்குக் கண்ணீர்தான் கணக்கு.

அப்போதும் நேரம் இருந்தது. வசந்தப் பருவத்தில் காஸ்பாரியனிடம் மின்சாரம் எடுத்து, ஒளியைக் கோடையில் ரிட்ஜிலேயே முடித்தால் தப்பித்துவிடலாம். வசந்தத்துக்கு அவள் டிசம்பரில்தான் பெயர் பதிவு செய்தாள்.

நான் சொல்லவில்லை. ஏ-ன்னா ஏ தான் என்றவளுக்கு நான் யார் புத்தி சொல்ல? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. அவளுக்குத்தான் டஸ்டின் இருந்தானே.

மார்ச் மாதம் ஒரு நாள் நூலகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெனா, இந்த மூணாவது பகுதி எல்லாமே லோமாலயே பாத்ததுதான்டி. லென்ஸு, கண்ணாடி, அதே தான். தூங்கிட்டே எழுதலாம். டஸ்டின் சொல்றான், லோமால அடித்தளம் அவ்ளோ பலமாப் போட்டிருக்காங்களாம்."

"அப்படியா சொன்னான்?"

"பின்ன? நீ என்னவோ பலூன்னு சொன்ன."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று.

ஏப்ரலில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுப்பது மாணவர்கள் சொன்னதை நம்பித்தான்; கடைசி மதிப்பெண் பட்டியல் போன பிறகுதான் வரி வரியாகச் சரிபார்ப்பார்கள். அது யாதிராவின் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் காரின் பின்கண்ணாடியில் பல்கலைக்கழகத்தின் பெயரை நீல எழுத்தில் ஒட்டினார், அதற்கு மேல் 'அம்மா' என்று. சந்தையில் எல்லோருக்கும் இலவசமாகப் புப்புசா கொடுத்தார். எனக்கு மூன்று கொடுத்தார். மூன்றையும் தின்றேன்.

ஜூலையில் யாதிராவுக்குக் கடிதம் வந்தது. தேவையான இயற்பியல் பாடம் நிறைவு செய்யப்படவில்லை, அனுமதி ரத்து. மேல்முறையீடு செய்தாள். இரண்டே வரியில் பதில் வந்தது. டஸ்டின் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஓ, நல்ல தகவல்"ன்னு சொல்லி, பட்டியலில் ஒரு புது நெடுவரிசை சேர்த்தானாம். அவனை மனிதன் என்று சொல்வதற்கே எனக்கு வாய் வரவில்லை. அதை யாதிராவிடமும் சொன்னேன். அவள் அழுதபோது தோளைத் தடவிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில், நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், யாதிரா அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்கண்ணாடியில் எழுத்துகள் இல்லை. சுரண்டிய இடத்தில் பசை மட்டும் திட்டுத் திட்டாக நின்றது.

"காஸ்பாரியன்கிட்ட ரெண்டாவது பகுதிக்குப் பேர் குடுத்துட்டேன். உன் நோட்டு இருந்தா தரியா?"

எனக்கு மனசு நிறைந்துபோனது. கடைசியில் ரிட்ஜுக்கே வந்துவிட்டாள், என்னிடமே வந்துவிட்டாள். வாசலில் மூட்டை கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, என் குறிப்புகள் அடங்கிய தடிமனான கோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"முழுசா எடுத்துக்கோ. அவரு கேட்ட அத்தன கேள்வியும் இதுல இருக்கு. பயப்படாத, நான் தேறினேன்ல, நீயும் தேறுவ."

"நீ நல்லவடி, ரெனா"ன்னாள்.

காரின் முன்பக்கத்தில் கோப்பை வைத்து அங்கேயே புரட்டினாள். மின்புலம், மின்தேக்கி, சுற்று. அவள் விரல் வேகமாகப் போனது. பின் உறையில் செருகியிருந்த நாலு தாள்கள் வழுக்கி வெளியே வந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. கை நீட்டினேன். அதற்குள் கடைசித் தாள் அவள் கைக்குப் போய்விட்டது.

அடியில் இருந்த எறும்பு எழுத்துக் குறிப்பின் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. ஓரத்தில் என் கையெழுத்து: 'யாதிரா மாட்டினாள்!' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தேன். தாளின் மூலையில் அச்செடுத்த தேதி தானாகவே விழுந்திருந்தது.

"அக்டோபர் பத்தொம்பது"ன்னு அவள் சத்தமாகப் படித்தாள்.

"யாதிரா, நான் சொல்லலாம்னுதான்..."

"நூலகத்துல வந்து உக்காந்தேனே. மார்ச்ல. அப்பவும் உனக்குத் தெரியுமா?"

அவள் அழவில்லை. டஸ்டினை நான் பார்ப்பேனே, அதே பார்வையை என் மேல் வைத்தாள். எனக்கு அந்தப் பார்வை அத்துப்படி. ஐந்து வருஷம் மேசையில் உட்கார்ந்தவனுக்கென்று நான் வைத்திருந்த பார்வை அது.

"அவனுக்குத் தெரியாது, ரெனாட்டா. அவன் முட்டாள்."

அந்த ஒரு தாளை மட்டும் என் பெட்டியின் மேல் வைத்தாள். கோப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"நோட்டு எனக்கு வேணும்"ன்னு சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.